நொடியில் வரும் அனுமதியும் பதினோரு மாதம் அலைந்த காகிதங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுமனை, கட்டட அனுமதி, பட்டா ஆகியவை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் அவற்றைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது எனக்கு வழக்கம். அந்தக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, 2024 ஜூலை 22 அன்று முதலமைச்சர் சுயசான்று முறையைத் தொடங்கி வைத்த செய்தி. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத பரப்பில், தரைத்தளமாகவோ அதன்மேல் ஒரு மாடியுடனோ சொந்த வீடு கட்டுகிறவர்கள், பதிவு பெற்ற பொறியாளர் மூலம் வரைபடத்தையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டால், முன்கூட்டிய கள ஆய்வு ஏதுமின்றி உடனுக்குடன் அனுமதி பெறலாம் என்பது அத்திட்டம். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் அவர்களுக்கு இல்லை. கட்டி முடித்த பின் முடிவுச் சான்று கேட்டு நிற்கவும் வேண்டியதில்லை. நல்ல திட்டம்தான். புறநகரில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இடம் வாங்கியிருந்த என் மைத்துனர் மகன், காலையில் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுமதிக் கடிதத்துடன் வீடு திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் காட்சியை நம்பித்தான் கடந்த ஆண்டு தை மாதத்தில், காவிரிப் படுகையின் ஒரு பழைய ஊரில் உள்ள எங்கள் குடும்ப வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்ட முனைந்தேன். அனுமதி என் கைக்கு வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. அந்தப் பதினோரு மாதங்களில் எங்கள் நகராட்சி என் வரைபடத்தைப் பார்த்துக் குறை சொல்லி, திருத்தம் வாங்கி, ஒப்புதல் தர எடுத்துக்கொண்ட காலம் வெறும் 27 நாட்கள். மற்ற காலமெல்லாம் விண்ணப்பம் போடுவதற்கான தகுதியைத் தேடுவதிலேயே போயிற்று. அந்த 27 நாட்கள் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. மற்ற காலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். தெருவை ஒட்டித் திண்ணை, அதன் பின் ரேழி, கூடம், நடுவே சிறு முற்றம், முற்றத்தைத் தாண்டிச் சமையல்கட்டு, கிணற்றடி, கடைசியில் கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டாரோடு பொதுச்சுவர். பத்திரத்தில் ‘கிழமேலடி 18, தென்வடலடி 130’ என்று எழுதியிருக்கிறது. அதாவது 2,340 சதுர அடி, சுயசான்றுக்குச் சொல்லப்பட்ட வரம்புக்குள்தான் வருகிறது. முன்கட்டு மெட்ராஸ் ஒட்டு (மரக்கட்டைகள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த தளம்) போட்டது, இன்னும் நூறு மழை தாங்கும். பின்கட்டு நாட்டு ஓடு. சட்டங்களில் பாதி உளுத்துவிட்டன. அந்தப் பகுதியை மட்டும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டு, படி ஏற முடியாத என் மனைவிக்குக் கீழே குளியலறையுடன் ஓர் அறை, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு மேலே ஓர் அறை என்பது திட்டம். பூச்சு வேலை, தரை போடுவது, வெள்ளையடிப்பது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டாம் என்று 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டு மேலே அறை கட்டுவது அந்தக் கணக்கில் வராது என்பது எனக்கும் தெரிந்ததே. ஆகவே முறைப்படிப் போவோம் என்று பொறியாளரைக் கூப்பிட்டேன்.

பொறியாளர் வந்து நாடாவைப் பிடித்த முதல் நாளே சிக்கல் தொடங்கியது. திண்ணை ஓரத்தில் அகலம் 17 அடி 8 அங்குலம், முற்றத்தருகில் 18 அடி 5 அங்குலம், கொல்லைக் கோடியில் மறுபடியும் குறைவு. பொதுச்சுவரின் நடு எங்கே என்று நூறாண்டுக்கு முந்திய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். பத்திரம் அடியில் பேசுகிறது, நகர நில அளவைப் பதிவேடு சதுர மீட்டரில் பேசுகிறது. பத்திரக் கணக்குப்படி ஏறத்தாழ 217 சதுர மீட்டர் வர வேண்டிய இடம் பதிவேட்டில் 211 என்று நிற்கிறது. இரண்டில் குறைந்ததைத்தான் வரைபடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார் பொறியாளர். ஆறு சதுர மீட்டர் போனால் போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். அவர் அதற்கு அடுத்த வரியைக் காட்டினார். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது என் பெயரும் அல்ல, என் தந்தையார் பெயரும் அல்ல. 1969-இல் காலமான என் பாட்டனார் பெயர்.

இதற்கு என்னையும் குற்றம் சொல்லலாம். 34 ஆண்டுகள் அஞ்சல் துறையில் ஊரார் முகவரிகளைச் சரிபார்த்தவன், சொந்த வீட்டின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை. என் தந்தையாரும் சிற்றப்பாவும் 1981-இல் பதிவு செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. தந்தையார் காலமான பின் என் தங்கை தன் பங்கை விட்டு 1999-இல் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்கிறது. அந்த ஆண்டிலிருந்து சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் என் பெயரில்தான் போகின்றன, ஒரு அரையாண்டுகூட நிலுவை இல்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. இத்தனையையும் அடுக்கிக்கொண்டு போனபோது நகராட்சியில் கிடைத்த பதில், பதிவேட்டில் பெயர் மாறாமல் விண்ணப்பத்தை எடுக்க முடியாது, வட்டாட்சியர் அலுவலகம் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்பது. வரி வாங்க என் பெயர் போதும். என் சமையலறைக் கூரையை மாற்ற என் பெயர் போதாது. சொன்ன எழுத்தரிடம் கோபப்படவும் முடியவில்லை. அவர் எழுந்து நின்றுதான் பேசினார், நாற்காலியைக்கூட எனக்குத் தந்தார்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி வேறு. உங்கள் பாட்டனாருக்குப் பெண்மக்கள் உண்டா என்றார்கள். இரண்டு அத்தைமார் இருந்தார்கள், இருவரும் இப்போது இல்லை. 1981 பாகப்பிரிவினையில் அவர்கள் பெயர் இல்லை. மணமாகிப் போன பெண்களைப் பத்திரத்தில் சேர்க்கும் வழக்கம் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அரிது. எனவே பாட்டனாருக்கு வாரிசுச் சான்று வேண்டும், அதற்கு அவரது இறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். 1969-இல் வீட்டில் நிகழ்ந்த அந்த மரணம் பதிவாகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் கடந்த இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். அந்த ஆணைக்கு, பதிவேட்டில் அந்த இறப்பு இல்லை என்று நகராட்சி தரும் ‘இல்லை’ என்ற சான்று வேண்டும். இல்லாத ஒன்றுக்கு இல்லை என்று எழுதி வாங்க நான் நான்கு முறை போனேன். ஆணை வந்தபோது ஆனி மாதம் முடிந்துவிட்டது. அத்தைமாரின் பிள்ளைகள் எட்டுப் பேர். மும்பையில் இருவர், ஓசூரில் ஒருவர், மற்றவர்கள் திசைக்கு ஒருவராக. எட்டுப் பேரும் ஆட்சேபணை இல்லை என்று மனமுவந்து கையெழுத்திட்டார்கள். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன். எட்டில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதும் நிலைக்குக்கூட வந்திருக்க மாட்டேன்.

பெண்மக்களின் பங்கைப் பற்றி வருவாய்த் துறை கேட்டதில் தவறே இல்லை. சொல்லப் போனால் 1981-இலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் அது சொத்துரிமை பற்றிய கேள்வி. கட்டட அனுமதியின் வேலை வேறு. எழுப்பப் போகும் சுவர் நிற்குமா, தெருவை அடைக்குமா, அடுத்த வீட்டின் காற்றையும் வெளிச்சத்தையும் பறிக்குமா, கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் மண்ணுக்குள் இறங்குமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இதை நான் என் கருத்தாகச் சொல்லவில்லை. மார்கழியில் என் கைக்கு வந்த அனுமதிக் கடிதத்திலேயே, இந்த அனுமதி சொத்தின் மீதான உரிமையை எவ்வகையிலும் உறுதி செய்வதாகாது என்று ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கிறது. இதே வாசகம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தரும் கடிதங்களிலும் இருக்கிறது. உரிமையை உறுதி செய்யாத ஒரு காகிதத்துக்காக உரிமையை மூன்று தலைமுறைக்கு நிரூபித்துக் காட்டச் சொல்வதன் பொருத்தம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மனையையே விற்கப் போகிறவனிடம் இத்தனை கேட்டால் நியாயம். பதிவு பெற்ற பத்திரமும், வில்லங்கமற்ற சான்றும், கால் நூற்றாண்டு வரி ரசீதும் வைத்துக்கொண்டு குடியிருக்கும் வீட்டில் ஒரு தளம் போடுகிறவனிடம், தகராறு ஏதும் எழுந்தால் நானே பொறுப்பு என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கலாமே.

பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழை அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் சமையல்கட்டின் மேற்கு ஓரம் நான்கு கைமரங்களோடு உள்ளே இறங்கியது. அரிசிப் பானை வரை ஓடும் சேறுமாகக் கிடந்தது. ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச எழுந்து போகும் என் மனைவி அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் தப்பினார். ஒரு வாரத்துக்குள் சுவரை எடுத்துத் தளம் போட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார் மேஸ்திரி. பக்கத்துத் தெருவில் அப்படித்தான் செய்திருந்தார்கள். நான் தார்ப்பாயை வாங்கிக் கட்டினேன். ஒன்றரை மாதம் முற்றத்து ஓரத்தில் அடுப்பு எரிந்தது.

கார்த்திகையில் பெயர் மாற்றம் வந்ததும் விண்ணப்பம் ஏறியது. சுயசான்று வழியில் போகலாமே என்று நான் கேட்டபோது பொறியாளர் தயங்கினார். பழைய கட்டடத்தில் பாதியை வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகக் கட்டும் இடத்தில், எல்லா அளவும் விதிக்கு உட்பட்டவை என்று அவர் தன் பதிவு எண்ணை வைத்துச் சான்று தர வேண்டும். நாளை யாராவது அளந்து பார்த்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். வழக்கமான வழியிலேயே போட்டோம். ஒன்பதாம் நாள் முதல் குறிப்பு வந்தது: தெருவின் அகலம் வரைபடத்தில் காட்டப்படவில்லை. காட்டினோம். அடுத்து, மழைநீர் சேகரிப்புக் குழியின் குறுக்குவெட்டுத் தோற்றம் இல்லை. வரைந்து கொடுத்தோம். அதற்கும் அடுத்துத்தான் அந்த மூன்றாவது குறிப்பு: மனையின் இருபுறமும் பக்க இடைவெளி விடப்படவில்லை.

அதைப் படித்துவிட்டு நானும் பொறியாளரும் சிறிது நேரம் பேசவில்லை. 18 அடி என்பது ஐந்தரை மீட்டர். இருபுறமும் ஒரு மீட்டர் விட்டால் மிஞ்சுவது மூன்றரை மீட்டர், அதில் சுவர்க் கனம் போக ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்கும் வழியும்தான் மிஞ்சும். அதை விடுங்கள். பொதுச்சுவரை ஒட்டி இடைவெளி எப்படி விடுவது? நான் என் பக்கம் விலகினால், அடுத்த வீட்டுக்காரரின் உத்தரம் எதன்மேல் உட்காரும்? இது என் வீட்டுக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. படுகையின் பழைய ஊர்களில் கோயிலைச் சுற்றிய தெருக்கள் அனைத்தும் இப்படித்தான் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. விதிகளை எழுதியவர்களுக்கும் இது தெரியும். ‘தொடர் கட்டடப் பகுதி’ என்ற ஒரு வகை விதிகளிலேயே இருக்கிறது, சென்னையில் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான பழைய பகுதிகளைக் கண்டு பிறந்த ஏற்பாடு அது. அத்தகைய பகுதியில் சுவரை ஒட்டிச் சுவர் எழுப்பலாம். எங்கள் தெரு அந்த வகையில் சேருமா என்பதற்கு நகராட்சியில் எவரிடமும் கைவசம் பதில் இல்லை. பொறியாளர் தெருவின் இரு வரிசையையும் புகைப்படம் எடுத்து, விதியின் நகலை இணைத்து, கையோடு போய் விளக்கிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பொறுமையும் விதி அறிவும் உள்ள பொறியாளர் எனக்கு வாய்த்தார். வாய்க்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் ஊரறிந்ததே. கவனிக்க வேண்டியவர்களைக் கவனித்துவிட்டு, வரைபடத்தில் இல்லாத இடைவெளியை இருப்பதாகக் கோடு போட்டுக் காட்டிவிட்டு, கட்டும்போது சுவரோடு சுவராகக் கட்டிக்கொள்வார்கள். விதியை மீறாத ஒரு வீட்டைப் பொய்யான வரைபடத்தின் மூலம் விதிமீறலாக ஆக்கிக்கொள்ளும் விந்தை இது.

இந்த மூன்று குறிப்புகளையும் ஒரே நாளில், ஒரே தாளில் தந்திருக்க முடியாதா என்ற கேள்வியை இங்கே வைக்கிறேன். வரைபடம் முழுவதும் முதல் நாளே அவர்கள் முன் இருந்தது. ஒவ்வொரு குறிப்புக்கும் பொறியாளர் திருத்தி ஏற்றுவதும், அது மீண்டும் வரிசையில் நிற்பதும், அடுத்த குறிப்பு வருவதுமாக நாட்கள் போயின. 27 நாட்களைப் பற்றிக் குறை இல்லை என்று மேலே சொன்னேன். இந்த ஒரு குறை மட்டும் உண்டு.

அனுமதியே தேவையில்லை என்று வாதிடுகிறவன் அல்லன் நான். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. என் வீட்டளவில் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மேற்கு வீட்டார் மூன்றாண்டுகளுக்கு முன் இடித்துக் கட்டியபோது, பொதுச்சுவரை ஒட்டித் தூணுக்காக ஆறடிக் குழி எடுத்தார்கள். மறுநாள் எங்கள் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு விரிசல் ஓடியது. பத்துப் பைசா நாணயத்தை உள்ளே செருகலாம் போல இருந்தது. சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் தொடர்ந்தாற்போலக் குழி எடுத்தது காரணம் என்று பிறகு சொன்னார்கள். அவர்களிடம் முறையான அனுமதி இருந்தது. வேலை நடந்த ஐந்து மாதத்தில் அந்தக் குழியை வந்து எட்டிப் பார்த்த அதிகாரி ஒருவர்கூட இல்லை. அதே அலுவலகம்தான் 1969-இல் இறந்த ஒருவரின் சான்றுக்காக என்னை அரை ஆண்டுக்கு மேல் அலைய விட்டது. மழைநீர் சேகரிப்பின் கதியும் இதுவே. 2003 முதல் கட்டாயம். குறுக்குவெட்டுத் தோற்றம் இல்லாவிட்டால் கோப்பு நகராது. குழியைத் தோண்டினார்களா என்று பார்க்க ஆள் வராது. காகிதத்தின்மேல் காட்டுகிற கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கு கடைக்கால் குழியின்மேல் இருந்தால் போதும்.

எங்கள் தெருவில் கடந்த பத்தாண்டுகளில் எனக்குத் தெரிந்து ஆறு வீடுகள் இடித்துக் கட்டப்பட்டன. அனுமதி பெற்றவை என்னுடையதைச் சேர்க்காமல் இரண்டு. மற்ற நால்வரும் சட்டத்தை மதிக்காதவர்கள் அல்லர். ஒருவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். பதிவேட்டில் பெரியப்பா பெயரோ, ஊரில் இல்லாத பங்காளியின் பெயரோ இருப்பதால் அவர்களால் விண்ணப்பிக்கவே இயலவில்லை. கட்டிய பிறகு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அறிவிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டார்கள். அந்தத் துணிவுக்கு அரசும் ஒரு வகையில் பொறுப்பு. 28.2.1999-க்கு முன் எழுந்த விதிமீறல்களைப் பின்னர் ஏற்று வரன்முறைப்படுத்த 113-ஏ என்றும், 1.7.2007-க்கு முன் எழுந்தவற்றுக்காக 113-சி என்றும் சட்டத்தில் பிரிவுகள் சேர்க்கப்பட்டதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பின், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தவும் விதிகள் வந்தன. காத்திருந்தால் ஏதாவது ஒரு வரன்முறை வரும் என்ற நம்பிக்கை ஊரில் வேரூன்றிவிட்டது.

அந்த நம்பிக்கை இனிப் பலிக்காது என்றுதான் தோன்றுகிறது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நாடு முழுமைக்குமான கட்டளைகளைப் பிறப்பித்தது. கட்டட முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும், மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அப்படியே என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் சிறு வீடுகளுக்கு முடிவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் அந்த விலக்கும் அனுமதி பெற்றுக் கட்டியவர்களுக்குத்தான் கைகொடுக்கும். ஆக, வாசல் இந்தப் பக்கம் இறுகிக்கொண்டே வருகிறது. அந்த வாசலுக்குப் போகும் வழியோ பழைய ஊர்க்காரர்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, பதிவேட்டில் பெயர் மாறாதிருப்பதை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் காரணமாகக் கொள்ளாமல், பதிவு பெற்ற பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வரி ரசீதையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஏற்று, குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பங்களையாவது பரிசீலிக்க நகராட்சி நிர்வாகத் துறை ஓர் அரசாணை பிறப்பிக்கலாம். பெயர் மாற்றம் கட்டாயம் வேண்டும் என்று அரசு கருதினால், அந்த விண்ணப்பத்தின் நகலை நகராட்சியே வட்டாட்சியருக்கு அனுப்பட்டும்; இரண்டு அலுவலகமும் ஒரே அரசின் இணையத்தில்தான் இயங்குகின்றன, அவற்றுக்கு நடுவே காகிதம் சுமக்கும் அஞ்சல்காரராக எழுபது வயதுக்காரர்கள் நடக்க வேண்டியதில்லை. இதை அஞ்சல் துறையில் இருந்தவன் என்ற முறையில் சற்று உரிமையோடே சொல்கிறேன். அடுத்து, ஒவ்வொரு பழைய நகராட்சியிலும் எந்தெந்தத் தெருக்கள் தொடர் கட்டடப் பகுதி என்று வரையறுத்து, அந்தப் பட்டியலை விண்ணப்பம் ஏற்றும் இணையதளத்திலேயே போட வேண்டும். ஒரு நகரமைப்பு ஆய்வாளர் ஒரு வாரம் ஊரைச் சுற்றினால் முடிகிற வேலை.

காலவரையறை பற்றியும் ஒரு சொல். குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கர்நாடகத்தில் ‘சகாலா’ என்ற பெயரில் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது; கேரளத்திலும் அதே ஆண்டு முதல் உண்டு. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கை. அப்படி ஒன்று வரும்போது, கடிகாரத்தை அனுமதி விண்ணப்பம் ஏறிய நாளிலிருந்து ஓடவிட்டால் என்னைப் போன்றவர்களின் காலம் கணக்கிலேயே வராது. என் கதையில் அந்தக் கடிகாரம் காட்டியிருக்கக்கூடியது 27 நாட்கள் மட்டும். குடிமகன் முதல் காகிதம் கேட்டு முதல் சன்னலில் நின்ற நாளிலிருந்து எண்ணினால்தான் தாமதம் எங்கே இருக்கிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது பின்கட்டில் லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருக்கிறது. பொதுச்சுவரை ஒட்டிய குழிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் பிடிவாதமாகச் சொல்லி, மேற்கு வீட்டாரை அழைத்துக் காட்டிவிட்டே கான்கிரீட் போட்டோம். சென்ற வாரம் புதிய பதிவேட்டின் நகலை இறக்கிப் பார்த்தேன். என் பெயர் சரியாக ஏறியிருக்கிறது. தந்தையார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. திருத்தம் கோரி மனு கொடுத்திருக்கிறேன்; பாட்டனாரின் இறப்புச் சான்றையும் உடன் இணைக்கச் சொன்னார்கள், இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர்,
காவிரிப் படுகை